மாப்பிள்ளையோட வலது பக்கம்

சின்னவனுக்கு சும்மா உக்காரத் தெரியாது. பஸ்ஸுல ஏறினா கால் ஆடும், சாப்பிட உக்காந்தா கால் ஆடும், போன்ல வீட்டோட பேசும்போதும் கீழ ஒரு கால் தனியா கச்சேரி பண்ணிக்கிட்டு இருக்கும். வீட்டுல ரெண்டாவது புள்ள, அதனால சின்னவன். கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்த பிறகும் அந்தப் பேரு அவனை விடல. தினமும் போன்ல வந்துடும்.

அவன் வேலை பாக்கற இடம் ஒரு பெரிய ஷெட்டு. அங்க பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் போற உடம்பு பொம்மை செய்யறாங்க. தலையிலேர்ந்து இடுப்பு வரைக்கும் இருக்கும், கை கால் கிடையாது. நெஞ்சையும் வயித்தையும் கதவு மாதிரித் தொறந்தா உள்ள நுரையீரல், இதயம், கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்கும். எல்லாம் பிளாஸ்டிக். பெயின்ட் அடிச்சு வர்ற துண்டுகளை எடுத்து, காம்பை ஓட்டையில சொருகி, சிலதை ஒட்டி, கதவை மூடி, துடைச்சுப் பெட்டியில வைக்கிறதுதான் சின்னவனோட வேலை.

அந்தப் பொம்மைக்கு ஷெட்டுல மாப்பிள்ளைன்னு பேரு. வச்சது கண்ணாடியக்கா. கடைசி மேஜையில உக்காந்து ஒவ்வொரு பொம்மையையும் சரி பாத்து அனுப்பறவங்க. ஒரு கண்ணாடி மூக்குல, இன்னொண்ணு தலையில. இங்க வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. அந்தப் படிப்பு இங்க செல்லாதுன்னுட்டாங்க. "அலங்காரமெல்லாம் அடுத்தவன் பண்ணுவான், இவரு நிமிந்து உக்காந்து ஒரே திசையைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. வாயைத் தொறக்க மாட்டாரு. மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?"ன்னு கேப்பாங்க.

மாப்பிள்ளை சின்னவனைப் பாத்த மாதிரி மேஜையில உக்காந்திருப்பாரு. ரெண்டு பக்கமும் ரெண்டு டிரே. இடது டிரேயில கல்லீரல், பித்தப்பை, மூணு மடிப்பு நுரையீரல், ஏறுற பெருங்குடல், அதோட அடியில தொங்கற புழு மாதிரி குடல்வால். வலது டிரேயில இரைப்பை, மண்ணீரல், இதயத்துக்கு இடம் விட்டுக் குடைஞ்ச ரெண்டு மடிப்பு நுரையீரல், இறங்கற பெருங்குடல். இடது கையால எடுத்து இடது பக்கம், வலது கையால எடுத்து வலது பக்கம். சேந்து நாலு மாசத்துல கண்ணை மூடிக்கிட்டு மாட்டற அளவுக்குப் பழகிடுச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்: கல்லீரலா, இடது. இரைப்பையா, வலது.

யாரும் அவன்கிட்ட கேக்கல. அதுதான் பிரச்சனையே.

வீட்டுல அவன் சொல்லி வச்சது 'மெடிக்கல் கம்பெனி'. பொய்யுன்னு ஒரேயடியா சொல்லிட முடியாது. ஆனா அம்மா அதைத் தெருவுக்குச் சொன்ன விதத்துல, அவன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு எதையோ கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு நெஞ்செரிச்சல். பொம்மையோட பெட்டியில போடற சின்னப் புத்தகத்தை அவன் ஓய்வு நேரத்துல படிப்பான். அதுல பாத்ததை வச்சு, "இரைப்பையில இருக்கற அமிலம் மேல ஏறி வருதும்மா. சாப்பிட்ட உடனே படுக்காதீங்க"ன்னான். அம்மா படுக்கல, எரிச்சல் போயிடுச்சு. அன்னிலேர்ந்து அப்பா அவனைக் கூப்பிடறதே "என்ன டாக்டரே"ன்னுதான். கேலியாதான் ஆரம்பிச்சாரு. போகப் போக கேலி தேஞ்சு போச்சு, டாக்டர் மட்டும் நின்னுட்டாரு.

சின்னவனுக்கு அது உள்ளுக்குள்ள இனிச்சுது. மாத்திச் சொல்லணும்னு ஒரு தடவை கூடத் தோணல.

அன்னைக்குக் காலையில பஸ்ஸுல வரும்போது அக்காகிட்டேர்ந்து குரல் மெசேஜ். இங்க காலை எட்டுன்னா அங்க மத்தியானம் ஆரம்பிச்சுடும்.

"டேய், அப்பாவுக்கு நேத்து ராத்திரியிலேர்ந்து வயித்து வலி. முதல்ல தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னாரு. இப்ப கீழ இறங்கி வலது பக்கமா புடிச்சுக்கிச்சாம். ஒரு வாய் சாப்பிடல, வாந்தி வேற. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா மாட்டேங்கறாரு. நான் சொன்னா நான் கத்துறேன்கறாரு. நீ சொன்னா வேதவாக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லுடா."

சின்னவனோட கால் ஆட ஆரம்பிச்சுது. கண்ணை மூடினான். மாப்பிள்ளை எதிர்ல வந்து உக்காந்தாரு. வலது பக்கம், கீழ. வலது டிரே. அங்க என்ன இருக்கு? இறங்கற பெருங்குடலோட கடைசி வளைவு. தண்ணியை உறிஞ்சிட்டு மிச்சக் கழிவு தேங்கற இடம். பயப்பட வேண்டியது குடல்வாலுக்குத்தான், அது இடது டிரேயில இருக்கு. தினமும் இந்தக் கையாலதானே அதை ஒட்டறான்.

ஒரு பெருமூச்சு வந்துச்சு. போனை வாய்க்கிட்ட வச்சான்.

"அப்பா, பயப்படாதீங்க. குடல்வால் வீங்கினாதான் ஆபத்து, அது இடது பக்கம் இருக்கும். உங்களுக்கு வலது பக்கம்தானே? அது கேஸ், மலச்சிக்கல். சுடுதண்ணி குடிச்சிட்டுப் படுங்க, இறங்கிடும்."

அப்பாவோட பதில் பஸ்ஸு அடுத்த நிறுத்தம் வர்றதுக்குள்ள வந்துடுச்சு. அவரு முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு. குரல்ல எப்பவும் ஒரு ஹாரன் இருக்கும். அன்னைக்கு அது கொஞ்சம் கம்மியாதான் இருந்துச்சு. "கேட்டியாம்மா பெரியவளே? கேஸாம்! டாக்டரே சொல்லியாச்சு. இனிமே யாராவது ஆஸ்பத்திரின்னு வாயைத் தொறந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

பின்னாடியே அக்கா: "சரிடா. நீ சொன்னா சரிதான். எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு, போனை லாக்கர்ல வச்சுடுவேன். ஏதாவதுன்னா அம்மாவுக்கு அடி."

அந்த 'சரிதான்'ல ஒரு சுணக்கம் இருந்துச்சு. சின்னவன் அதைக் கேட்டான், கேட்டும் விட்டுட்டான்.

ஷெட்டுக்குள்ள போனா மேஜையில மாப்பிள்ளை திரும்பி உக்காந்திருக்காரு. முதுகு இவனுக்கு, மூஞ்சி செவத்துக்கு. புது மாடலாம். முதுகுப் பக்கம் தொறக்கும், முதுகெலும்பு, நரம்பு, ரெண்டு சிறுநீரகம் எல்லாம் பின்னாலேர்ந்து தெரியணும்னு ஒரு காலேஜுல கேட்டிருக்காங்க. டிரே ரெண்டும் எப்பவும் போல அதே இடத்துல.

"என்ன மாப்பிள்ளை, கோவமா?"ன்னு அவர் தோளைத் தட்டிட்டு சின்னவன் வேலையை ஆரம்பிச்சான்.

நடுவுல மாட்ட வேண்டியது எல்லாம் மாட்டியாச்சு. ரத்தக் குழாய், அதுக்குப் பின்னாடி முதுகெலும்பு. அப்புறம் சிறுநீரகம். இடது டிரேயிலேர்ந்து ஒண்ணை எடுத்தான், அவரை விதை மாதிரி, உள்ளங்கை அளவு. இடது பக்கம் வச்சான். உக்காரல. காம்பு ஒரு இடத்துல, ஓட்டை அதுக்கு மேல. திருப்பி வச்சான், உக்காரல. அரை மணி நேரத்துக்கு முன்னாடியே பாக்கெட்டுல போன் ஒரு தடவை அதிர்ந்திருந்துச்சு. மேஸ்திரி எதிர்லயே நிக்கறாரு, எடுக்க முடியாது. யாரா இருக்கும்? அப்பாவா? கேஸ் இறங்கியிருக்கும். கட்டை விரலால அழுத்தினான். இன்னும் அழுத்தினான்.

டப்புன்னு காம்பு உடைஞ்சுது.

கண்ணாடியக்கா தலைக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கிட்டு வந்தாங்க. "என்னடா, சிறுநீரகத்துக்கு மல்யுத்தமா? குடு இங்க."

"இது டிசைன் தப்புக்கா. இடது டிரேயில வந்தது இடது பக்கத்துல நிக்க மாட்டேங்குது."

அவங்க துண்டைப் பாத்தாங்க, மாப்பிள்ளை முதுகைப் பாத்தாங்க, அப்புறம் இவனைப் பாத்தாங்க. "இது அவரோட வலது சிறுநீரகம். மேல கல்லீரல் உக்காந்திருக்கறதால வலது எப்பவும் கொஞ்சம் இறக்கமா இருக்கும். நீ கொண்டுபோய் இடதுல அழுத்தினா எப்படி நிக்கும்?"

"இல்லக்கா, இது இடது டிரே."

"உன் இடதுடா. அவரு உன்னைப் பாத்து உக்காந்தா உன் இடது கைக்கு எதிர்ல இருக்கறது அவரோட வலது. இப்ப ஆளைத் திருப்பிட்டாங்க, டிரேயைத் திருப்பல. இவ்வளவுதான்." சொல்லிட்டு என்னமோ தோணி நின்னாங்க. "எங்க, உன் கல்லீரல் எங்க இருக்கு? கை வச்சுக் காட்டு."

சின்னவன் யோசிக்காம இடது விலாவுக்குக் கீழ கையை வச்சான்.

கண்ணாடியக்காவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. "அட பாவி! நாலு மாசமா ஊருக்கெல்லாம் கல்லீரல் மாட்டினவனுக்குத் தன் கல்லீரல் இருக்கற இடம் தெரியல!" அவன் மணிக்கட்டைப் புடிச்சு வலது பக்கம் கொண்டுபோய் வச்சாங்க. "இங்க."

அந்தக் கை அங்கயே நின்னுச்சு. அப்புறம் தானா மெல்லக் கீழ இறங்குச்சு. விலாவைத் தாண்டி, தொப்புளைத் தாண்டி, இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் உள்பக்கமா. கல்லீரல் வலதுன்னா, ஏறுற பெருங்குடலும் வலது. அதோட அடியில தொங்கறது…

"அக்கா," அவன் குரல் அவனுக்கே கேக்கல. "குடல்வால்?"

"வலதுதான். ஏன்?"

மேஸ்திரி நிக்கறாரா இல்லையான்னு அவன் பாக்கல. வெளிய ஓடினான்.

பெட்டி அடுக்கற வராண்டாவுல நின்னு போனை எடுத்தான். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு, எச்சில் எங்க போச்சுன்னு தெரியல. இதயம் விலாக்கூட்டை உள்ளேர்ந்து தட்டுது. பயந்தா உடம்பு இப்படித்தான் செய்யும், ரத்தத்தை எல்லாம் ஓடறதுக்காகக் காலுக்கு அனுப்பும்னு அந்தச் சின்னப் புத்தகத்துலயே போட்டிருந்துச்சு. ஓடறதுக்கு இடம் எங்க இருக்கு? நடுவுல கடல்.

போன்ல அப்பாவோட குரல் மெசேஜ் ஒண்ணு இருந்துச்சு. வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு.

"டாக்டரே, உன் சுடுதண்ணி வேலை செஞ்சிடுச்சு. பொசுக்குன்னு வலி விட்டுடுச்சுடா. உங்கம்மாவை அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன், குழந்தை ஸ்கூல்லேர்ந்து வந்துடுமில்ல. நான் கொஞ்சம் கண்ணசர்றேன்."

அப்பாடான்னு செவத்துல சாஞ்சான். வலி விட்டுடுச்சு. அப்ப கேஸ்தான். தப்பா சொன்னாலும் சரியாத்தான் முடிஞ்சிருக்கு. பின்னாடியே வந்து நின்ன கண்ணாடியக்காகிட்ட எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினான், சிரிச்சுக்கிட்டே.

அவங்க சிரிக்கல. "தொப்புள்ல ஆரம்பிச்சு வலது கீழ வந்துச்சா?"

"ஆமா."

"சாப்பிடல, வாந்தி?"

"ஆமா. ஆனா இப்பத்தான் வலி விட்டுடுச்சேக்கா."

"படிப்படியா விட்டுச்சா, பொசுக்குன்னா?"

அந்த வார்த்தையை அப்பா சொன்ன மாதிரியே அவங்களும் சொன்னாங்க.

"இங்க பாரு. குடல்வால் ஒரு பக்கம் மூடின பை. அடைச்சுக்கிட்டா வீங்கும், இறுகும், அந்த இறுக்கம்தான் வலி. கிழிஞ்சிட்டா இறுக்கம் போயிடும். அப்ப கொஞ்ச நேரம் சுகமா இருக்கற மாதிரி இருக்கும். ஆனா உள்ள இருந்த அழுக்கு வயிறு முழுக்கப் பரவும். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம், பாக்காம நான் சொல்ல முடியாது. நீயும் சொல்லியிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. உடனேன்னா இப்ப."

அப்பா நம்பர். மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. தூங்கும்போது போனைச் சத்தமில்லாம வச்சுடுவாரு. மறுபடி அடிச்சான். மறுபடி. அக்கா போன் லாக்கர்ல. அம்மாவுக்கு அடிச்சான், அக்கா மக எடுத்தா.

"மாமா! நான் கேம் விளையாடறேன், அப்புறம் பேசு."

"செல்லம், பாட்டிகிட்ட குடு."

"பாட்டி குளிக்குது."

"கதவைத் தட்டிக் குடும்மா."

"கேமை விட்டா என் ஆளு செத்துடுவான் மாமா"ன்னு போனைக் கட் பண்ணிட்டா. அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம் நேரா அணைஞ்சு போச்சு.

வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். யாரு இருக்கா? யாரு அந்த மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டுவா? கீழ தையல் கடை! அவங்க வீடு மாடியில, கீழ தையல்காரர். நம்பர்? வாங்கி வைக்கல. யாரு வாங்கி வைப்பா? கிளம்பற அன்னைக்கு வாசல்ல எல்லாரும் நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு. பின்னாடி கடை போர்டு. அதுல நம்பர் இருக்கும். ரெண்டு விரலால பெருசு பண்ணினான். அம்மா கண்ணைத் தாண்டி, அப்பாவோட மொட்டைத் தலையைத் தாண்டி, போர்டு. நம்பர் தெரிஞ்சுது. கடைசி எண் மட்டும் தொங்கப் போட்டிருந்த ஒரு சட்டைக் கைக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு.

"பத்து எண்ணுதானேடா, ஒண்ணொண்ணா அடி"ன்னாங்க கண்ணாடியக்கா.

பூஜ்யம் போட்டான், அப்படி ஒரு நம்பரே இல்ல. ஒண்ணு, ஒரு ஆள் எடுத்து "லோன் எல்லாம் வேண்டாம்பா"ன்னு வச்சாரு. ரெண்டு, யாரும் எடுக்கல. தையல்காரரா இருந்து எடுக்காம விட்டிருந்தா? மூணு, ஒரு அம்மா.

"தையல் கடையாங்க?"

"இல்லப்பா. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லம்மா, கீழ் வீட்டு நம்பர் தெரியல."

"ஐயையோ. எங்க இருக்காரு? நான் வேணா போய்ப் பாக்கட்டுமா? எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னான். அந்தம்மா வேற ஊரு. "கிடைச்சதும் எனக்கு ஒரு போன் போடு தம்பி, இல்லன்னா எனக்கு மனசு அடிச்சுக்கும்"னாங்க. சரின்னுட்டு நாலு, அஞ்சு, ஆறு. ஏழுல தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சு.

"அண்ணே, நான் மாடி வீட்டு சின்னவன்."

"அடடே, டாக்டர் தம்பியா! என்னப்பா, சட்டை தைக்கணுமா?"

"அண்ணே, மேல போய் அப்பாவை எழுப்புங்க. கதவு தொறக்கலன்னா உடைச்சிடுங்க. போனை வைக்காதீங்க."

மெஷின் நின்னுச்சு. செருப்புச் சத்தம். படி. பதினாலு படி அவனுக்குத் தெரியும், எண்ணினான். கதவு. தட்டற சத்தம். இன்னொரு தட்டு. அந்த இடைவெளியில சின்னவன் மூச்சு விட்டானான்னு யாரும் சொல்ல முடியாது.

தாழ்ப்பாள் இழுக்கற சத்தம் கேட்டுச்சு.

"என்னய்யா, தீயா புடிச்சிருக்கு?" அப்பா.

"உங்க பையன் பேசறாருங்கய்யா." தையல்காரர் குரல் தணிஞ்சுது, போனுக்கு மட்டும் பேசற மாதிரி. "தம்பி, ஐயா மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. கூனிக்கிட்டு நிக்கறாரு. வேர்த்து ஊத்துது."

"ஸ்பீக்கர்ல போடுங்கண்ணே. அப்பா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எதுக்குடா? வலிதான் விட்டுடுச்சே. வயிறு கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"போங்கப்பா."

"காலையில கேஸுன்ன. இப்ப ஆஸ்பத்திரிங்கற. உங்கக்கா உன்னைப் பேசி மசிய வச்சுட்டாளா?"

"நான் தப்பா சொல்லிட்டேன்பா. குடல்வால் வலது பக்கம்தான்."

"இடதுன்னியேடா. மெடிக்கல் கம்பெனியில இருக்கறவனுக்கு இடது வலது தெரியாதா?"

கண்ணாடியக்கா பக்கத்துலதான் நிக்கறாங்க. அங்க தையல்காரர் கேட்டுக்கிட்டு இருக்காரு, நாளைக்குத் தெரு முழுக்கக் கேக்கும்.

"அப்பா, நான் டாக்டரும் இல்ல, டாக்டர்கிட்ட வேலை பாக்கறவனும் இல்ல. பொம்மை செய்யறேன். பிளாஸ்டிக் குடலை எடுத்து பிளாஸ்டிக் வயித்துல ஒட்டறேன், அதான் என் வேலை. பொம்மை என்னைப் பாத்து உக்காந்திருக்கும்." எப்படிச் சொன்னா இந்த மனுசனுக்கு ஏறும்? நடந்துக்கிட்டு இருந்த கால் நின்னு போச்சு. "அப்பா, நான் பஸ்ஸுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு வலதுன்னு சொல்லிட்டேன். நீங்க சீட்டுல உக்காந்திருக்கீங்க."



ஒரு தடவை டிப்போவுல, புதுசா வந்த கண்டக்டர் பஸ்ஸுக்கு எதிர்ல நின்னுக்கிட்டு "வலது, வலது"ன்னு கத்த, அப்பா வலதுல ஒடிச்சு ஒரு செவத்தையே பேத்துட்டாரு. அந்தக் கதையை வீட்டுல நூறு தடவை சொல்லியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்டக்டரைத் திட்டறதுல ஒரு புது வார்த்தை சேரும்.

"அட மடப்பயலே," அப்பா மெதுவா சொன்னாரு. ஹாரன் சுத்தமா போயிருந்துச்சு. "அந்தக் கண்டக்டர் நாயி மாதிரியே பண்ணிட்டியேடா." அப்புறம், "எலே தையலு, அந்தச் சட்டையை எடு."

தையல்காரர் கழுத்துல தொங்கின அளவு நாடாவைக்கூடக் கழட்டாம வண்டி புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு. இதை அப்புறம்தான் அக்கா சொன்னா.

மூணு மணி நேரம் சின்னவன் என்ன பண்ணினான்னு அவனுக்கே நினைவில்ல. மேஸ்திரி ஏதோ கேட்டாரு, கண்ணாடியக்கா ஏதோ பதில் சொல்லி அனுப்பினாங்க. மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கிட்டே இருந்தாரு. அவன் அந்த முதுகுக்குப் பின்னாடி, அதே திசையைப் பாத்து நின்னு, தன் வலது கையையும் மாப்பிள்ளையோட வலது தோளையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தான். போன்ல சார்ஜ் பதினொண்ணு, ஒன்பது, ஏழு.

அக்கா கூப்பிட்டா. "உள்ள கிழிஞ்சு போயிருந்துச்சாம். கழுவி எடுத்துட்டாங்க. பொழைச்சுக்கிட்டாரு."

அவன் தரையிலேயே உக்காந்துட்டான்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதை நான் உனக்குச் சொல்லப் போறதில்ல. நான் காலையிலேயே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்டா. உன்னாலதான் போகல. உன்னைக் கேளுன்னு சொன்னவளும் நான்தான், அதையும் சேத்துத்தான் அழுதுக்கிட்டு இருக்கேன்." மூக்கை உறிஞ்சினா. "அந்தத் தையலு அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பொம்மையாமே?"

"ஆமாக்கா."

"பொம்மைன்னா என்னடா கேவலம்? முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

சார்ஜ் தீர்றதுக்குள்ள, மூணுல முடியற அந்த நம்பருக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினான்.

நாலு நாள் கழிச்சு அப்பா அவரே கூப்பிட்டாரு. அன்னைக்கு ஷெட்டுக்கு லீவு. சின்னவன் ரூமுல கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நடந்துக்கிட்டே எடுத்தான்.

"எப்படிப்பா இருக்கு?"

"நேத்துதான் காத்து பிரிஞ்சுது, குடல் மறுபடி வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். அதுக்கு நர்ஸுங்க எல்லாம் சந்தோஷப்பட்டாங்கடா. என் வாழ்க்கையில அதுக்கு யாரும் சந்தோஷப்பட்டதில்ல." சிரிச்சாரு, உடனே "அம்மா"ன்னு முனகினாரு. "சிரிச்சா தையல் இழுக்குது. இரு, பக்கத்துப் படுக்கைக்காரர் உன்கிட்ட பேசணும்கறாரு."

"என்கிட்ட எதுக்கு?"

"சொல்லியிருக்கேன்ல. என் பையன் அங்கேர்ந்தே கண்டுபிடிச்சு, ஆள் அனுப்பி, என்னைத் தூக்கிட்டு வர வச்சான்னு. வார்டே உன்னைப் பத்தித்தான் பேசுது."

"அப்பா!"

"என்ன, அப்பா? அதுல எது பொய்யி?"

அதுல எதுவும் பொய்யில்ல, அதுதான் அவனுக்குக் குடைஞ்சுது. அன்னைக்குக் காலையில நடந்த பாதியை அப்பா அழகா வெட்டித் தூக்கி எறிஞ்சுட்டாரு. மானத்தைக் காப்பாத்திட்டாராம். சின்னவன் கட்டில்ல உக்காந்தான். கால் ஆட ஆரம்பிச்சுது.

"வணக்கம் டாக்டர் தம்பி." வயசான குரல், மூச்சு கொஞ்சம் இழுத்துச்சு. "எனக்குக் கால் ஆபரேஷன்தான் பண்ணினாங்க. காலையிலேர்ந்து நெஞ்சுல ஒரு பக்கம் சுருக்கு சுருக்குன்னு குத்துது. மூச்சை இழுத்தா ஜாஸ்தி. இதுவும் கேஸுதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாப் படுப்பேன். இடது பக்கம்."

இடது. யாரோட இடது? கண்ணுக்கு முன்னாடி ரெண்டு மாப்பிள்ளைங்க, ஒருத்தர் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு, ஒருத்தர் முதுகைக் காட்டிக்கிட்டு. சின்னவன் ரெண்டு பேரையும் தள்ளி விட்டான்.

"ஐயா, நான் டாக்டர் இல்லீங்க. பிளாஸ்டிக் பொம்மைக்குக் குடல் ஒட்டறவன். எங்கப்பாவுக்கு நான் சொன்னது தப்பு. அதனாலதான் அவரு இவ்வளவு லேட்டா வந்தாரு."

அப்புறம் போனைத் தள்ளிப் புடிச்சுக்கிட்டு அந்த ஐயா சொல்றது கேட்டுச்சு: "டாக்டர் இல்லேங்கறாரே உங்க பையன்?"

"அடக்கம்," அப்பாவோட குரல். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"அப்பா!" சின்னவன் ரூமே அதிர்ற மாதிரி கத்தினான். பக்கத்து ரூம்காரன் செவத்தைத் தட்டினான். "அடக்கம் இல்லப்பா, உண்மை! அவருக்கு நெஞ்சு வலிக்குது, மூச்சு இழுக்குது. நர்ஸைக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேன்டா, அவங்க இப்பத்தான் அந்தப் பக்கம்…"

"இப்ப கூப்பிடுங்க."

"இதுக்கும் பஸ்ஸுக்கு முன்னாடி நிக்கறியா?"

"நான் பஸ்ஸுகிட்டயே இல்லப்பா. எனக்கு ஒண்ணுமே தெரியல. அதனாலதான் சொல்றேன். உங்க தலைமாட்டுல பெல் இருக்கும் பாருங்க."

அப்பா முனகிக்கிட்டே நகர்ற சத்தம் கேட்டுச்சு. கட்டில் கிறீச்சிட்டுச்சு. எங்கயோ ஒரு மணி அடிச்சுது.

"அடிச்சுட்டேன். போதுமா? வைக்கட்டா?"

"வைக்காதீங்க."

சின்னவன் ஜன்னல்கிட்ட நின்னு போனைக் காதோட அழுத்திக்கிட்டான். அந்த ஐயாவோட மூச்சு கேட்டுச்சு. சின்னதா, அவசர அவசரமா. அப்புறம் தூரத்துல, வார்டோட அந்தக் கோடியிலேர்ந்து ரப்பர் செருப்புச் சத்தம் ஒண்ணு கிளம்புச்சு. அது கிட்ட வர்ற வரைக்கும் அவன் எண்ணிக்கிட்டே நின்னான்.